பந்தயத்தில் நடுவுநிலை கண்ட கரிவரதன்

போட்டி என்பது யாது? ஒத்த நிலையில் நிற்போர் தம்முள் திறமை மிக்கவர் எவர் என்பதை உலகறிய அளந்து காண்பதே போட்டியாம். நிலை ஒவ்வாதாரை ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிடுதல் வேடிக்கையாகலாமேயன்றிப் போட்டியாகாது. பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்புச் சிறுவனைப் பதினோராம் வகுப்பு இளைஞனோடு ஓடவிடுவாரில்லை. மல்யுத்தத்தில் எடை பார்த்தே இணை சேர்க்கின்றனர். உடம்பின் அளவை இங்ஙனம் வகுத்தல் எளிது. பணத்தின் அளவை வகுத்தலோ அரிது. மோட்டார்ப் பந்தயத்தில் ஓட்டுபவனுடைய கைத்திறத்தோடு அவனுடைய பணப்பையும் உடன் ஓடுகின்றது. இவ்விரண்டையும் பிரித்துக் கைத்திறத்தை மட்டும் அளக்க வழி தேடிய தமிழ்நாட்டார் ஒருவரின் வரலாற்றை இம்மாதம் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவரே கோயம்புத்தூர் சுந்தரம் கரிவரதன்.

கரிவரதன் 1954-ஆம் ஆண்டிற் பிறந்தவர். பஞ்சாலைத் தொழிலால் வளம்பெற்ற குடும்பம் அவருடையது. கோயம்புத்தூரின் இயல்பை நம்மவர் அறிவர். ஆங்கு நூற்பாலைகள் பெருகவே, அவற்றின் பொறிகளைச் செப்பனிடும் பட்டறைகள் பெருகின. பட்டறைகள் பெருகவே, வார்ப்படத் தொழிலும் பம்புத் தொழிலும் பெருகின. எண்ணிய உறுப்பை எண்ணியவாறு கடைந்தெடுக்கும் கைகள் நிறைந்த அவ்வூரில், வேகத்தில் வேட்கையும் பொறிகளில் பற்றும் உடையராய் வளர்ந்த அவர், பந்தயம் ஓட்டுபவராகவும் வண்டிகளை வடிவமைப்பவராகவும் விளங்கினார்.

அக்காலத்துப் பந்தயத்தின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அத்தளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடத்தினர். நகரத்தார் திரள் திரளாகச் சென்று கண்டுகளித்தனர். வீதியில் ஓடும் அம்பாஸடரும் பியட்டும் அங்கே ஓடின. செல்வர் சிலர் பெரும்பொருள் ஈந்து வெளிநாட்டிலிருந்து வருவித்த பந்தய வண்டிகளும் ஓடின. பின்னவை புறப்பட்ட மாத்திரத்தில், வெற்றி எவருடையது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

இவ்வேற்றுமையைப் போக்கவே வண்டிகளை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கின்றனர். எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு பிரித்தல் பழைய முறை. அம்பாஸடரின் எஞ்சின் 1489 ஸி.ஸி.; பியட்டினது 1089 ஸி.ஸி. ஆதலின் இரண்டையும் வெவ்வேறு வகுப்பில் வைத்தல் முறையே. ஆயினும் அளவு ஒன்றாகிய இரண்டு எஞ்சின்கள் ஆற்றலில் ஒன்றாகா. ஒருவன் வால்வுகளை இயக்கும் தண்டை மாற்றுவான். மற்றொருவன் கார்புரேட்டரை மாற்றுவான். வேறொருவன் வண்டியின் எடையைக் குறைப்பான். ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். விதி ஒரு கதவை அடைத்தால், பணம் அடுத்த கதவைத் தட்டும். விதிகள் நெகிழ்ந்தால் செலவு ஏறும். செலவு ஏற ஏற ஓட்டுவோர் தொகை குறையும். இறுதியில் அவ்வகுப்பே அழியும்.

மேனாட்டாரும் இவ்விடரை உணர்ந்தவரே. இங்கிலாந்தில் 1939-இல் தோன்றிய 750 மோட்டார் கிளப்பார், 747 ஸி.ஸி. கொண்ட ஆஸ்டின் ஸெவன் என்னும் எளிய வண்டியைப் பற்றுக்கோடாகக் கொண்டு, குறைந்த செலவில் பந்தயம் நடத்தும் வழி கண்டனர். அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் வண்டியின் உறுப்புக்களால் ஆன பார்முலா வீ வகுப்பும், இங்கிலாந்தில் 1967-இல் பார்முலா போர்டு வகுப்பும் எழுந்தன. வீதி வண்டியின் மலிவான எஞ்சினை எல்லார்க்கும் பொதுவாக்குக என்பதே இவற்றின் கருத்து.

கரிவரதன் 1988-இல் நம் நாட்டிற் செய்ததும் அத்தகையதே. 1983-இன் இறுதியில் விற்பனைக்கு வந்த மாருதி 800 என்னும் சிறு வண்டி, அதற்குள் ஊர்தோறும் பரவியிருந்தது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் 796 ஸி.ஸி. அளவினது. உதிரி உறுப்பு எங்கும் கிடைக்கும். பழுதுபார்க்க அறிந்தோரும் எங்கும் உளர். அவ்வெஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டுமே அமரத்தக்க பந்தய வண்டியை அவர் வடிவமைத்தார். பார்முலா மாருதி என்னும் வகுப்பு அதனாற் பிறந்தது.

இதன் அருமையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருளில்லாதான் சமநிலை வேண்டுதல் இயல்பு. கரிவரதனோ, வேண்டிய வண்டியைப் பெறத்தக்க வளம் உடையவர். அத்தகையார் எல்லார்க்கும் ஒரே எஞ்சின் என்னும் வகுப்பைப் படைத்தல், தம் கையிலுள்ள முந்துரிமையைத் தாமே களைந்து வைத்தலாகும். பணத்தால் வந்த வெற்றி பணத்தின் வெற்றியேயன்றி ஓட்டியவனுடைய வெற்றியன்று. தோற்றவனும் வெல்லக்கூடியவனாய் இருந்தாலன்றி வென்றவனுக்குப் பெருமை இல்லை.

இவ்வகுப்பிற்குக் குறை இல்லையோ எனின், உண்டு. சிற்றெஞ்சினில் பழகியவன் பேராற்றல் வண்டியை ஆளும் முறையைப் பின்னரே கற்றல் வேண்டும். அன்றியும், ஒரே ஆலையில் ஒரே நாளிற் செய்த எஞ்சின்கள் இரண்டும் முற்றும் ஒத்திரா. செல்வன் பத்து எஞ்சின் வாங்கி ஆராய்ந்து, அவற்றுட் சிறந்ததைப் பொருத்தினால் விதி மீறப்படவில்லை, நீதியோ மீறப்பட்டது. இதனாலன்றோ இத்தகைய வகுப்புக்களில் எஞ்சினுக்கு முத்திரை இடுதலும், டயர் இன்னதே என வரையறுத்தலும், வென்றவன் வண்டியைப் பிரித்துச் சோதித்தலும் வேண்டப்படுகின்றன! மலிவு விதியால் வரும். நிலைபெறுதல் சோதனையாளரின் நேர்மையாலேயே ஆகும்.

பயன் யாது எனின், சோழவரத்திற்குப் பின் ஸ்ரீபெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் எழுந்த பந்தயச் சாலையில் இளைஞர் பலர் இவ்வண்டியாலேயே பயின்றனர். அவருள் ஒருவராகிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னை கருண் சந்தோக்கும் இவ்வகுப்பில் தொடங்கி 2010-இல் அந்நிலை எய்தினார். எனினும் இருவரும் மோட்டார்ப் பந்தயத்தில் முன்னரே ஈடுபட்ட குடும்பத்தார் என்பதை மறைத்தல் ஆகாது. கரிவரதன் தாழ்த்தியது முதற்படியை. மேற்படிகள் இன்றும் உயர்ந்தே நிற்கின்றன. முதற்படியிற் கால் வைக்க இயலாதான் இரண்டாம் படியைக் காண்பதெங்ஙனம்? ஆதலின் அவர் செய்தது சிறிதன்று.

1995-இல் விமான விபத்தொன்றில் கரிவரதன் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு அகவை நாற்பத்தொன்று. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மாருதி 800 வண்டியின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. எஞ்சின் மாறினும், எளிய எஞ்சினை எல்லார்க்கும் பொதுவாக்கும் அவர் கருத்து மாறவில்லை.

மேற்கு மாம்பலத்து நம்மவர்க்கு இதனாற் பெறும் பாடம் யாது? நம் சங்கம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு உதவித்தொகையும் பரிசும் வழங்குகின்றது. மதிப்பெண்ணை மட்டும் நோக்கின், தனிப்பயிற்சிக்குப் பொருள் செலவிட்ட வீட்டுப் பிள்ளையே ஒவ்வோர் ஆண்டும் முன்நிற்பான். தந்தைக்குத் துணையாகக் கடையில் இருந்து படித்த பிள்ளை பின்நிற்பான். எவரை எவரோடு ஓடவிடுகின்றோம் என்பதை விதி வகுக்கும் பொழுதே நாம் சிந்தித்தல் வேண்டும். விதி வகுப்போர் வளமுடையார் ஆயின், தம் பிள்ளைக்குள்ள முந்துரிமையைக் களைந்து வைத்து வகுத்தல் வேண்டும். கரிவரதன் வரலாறு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.