ஆண்டவர் பெயரால் சொன்ன சொல்: புனித தாமஸ் மூர் காட்டும் வழி



பத்துக் கட்டளைகளை நாம் எல்லோரும் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னவர்கள்தான். ஒப்புரவு அருளடையாளத்திற்கு முன் ஆன்ம சோதனை செய்யும்போது அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறோம். கொலை செய்ததில்லை, களவு செய்ததில்லை என்று மனம் ஆறுதல் கொள்கிறது. ஆண்டவரின் பெயரை வீணாகச் சொல்லக்கூடாது என்ற இரண்டாம் கட்டளையிலோ நாம் அதிக நேரம் நிற்பதில்லை. கோபத்தில் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல்லைப் பற்றியதுதானே என்று கடந்துவிடுகிறோம். இந்த ஒரு கட்டளையை மீற மறுத்ததால் பதவி, சொத்து, குடும்பம், கடைசியில் உயிர் ஆகிய அனைத்தையும் இழந்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் குருவானவரோ துறவியோ அல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த ஒரு வழக்கறிஞர். அவரே புனித தாமஸ் மூர்.

தாமஸ் மூர் 1478-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் மூர் வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியானவர். சிறுவயதில் பேராயர் ஜான் மார்ட்டன் இல்லத்தில் பணிவிடைச் சிறுவனாக இருந்து வளர்ந்த தாமஸ், ஆக்ஸ்போர்டில் பயின்று பின்பு லண்டனில் சட்டம் படித்தார். இளமையில் சுமார் நான்கு ஆண்டுகள் கர்த்தூசியன் துறவிகளின் மடத்தை ஒட்டி வாழ்ந்து, அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்குகொண்டார். துறவியாகலாமா என்று எண்ணிப் பார்த்தவர், இறுதியில் இல்லறமே தமக்கான அழைத்தல் என்று தெளிந்தார். ஜேன் கோல்ட் என்ற பெண்ணை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1511-இல் ஜேன் இறந்தபோது, தாயில்லாப் பிள்ளைகளுக்காக ஆலிஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார். பெண்களுக்குக் கல்வி தேவையில்லை என்று பலரும் நினைத்த அக்காலத்தில், தம் மகள்களுக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். 1516-இல் அவர் எழுதிய 'உட்டோப்பியா' என்ற நூல் ஐரோப்பா எங்கும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1529-ஆம் ஆண்டு அரசர் எட்டாம் ஹென்றி அவரை லார்டு சான்சலராக நியமித்தார். அரசருக்கு அடுத்த நிலையிலிருந்த மிகப் பெரிய பதவிகளில் ஒன்று அது. சான்சரி என்ற நீதிமன்றத்தின் தலைவரும் அவரே. அந்த உயர்ந்த இருக்கையில் அமர்ந்தபோது தாமஸ் மூர் எப்படி வாழ்ந்தார் என்பதை மூன்று நிகழ்ச்சிகள் நமக்குச் சொல்கின்றன.

அவருடைய வயதான தந்தை அப்போதும் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் இருந்த வேறொரு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். தாமஸ் மூர் தம் நீதிமன்றத்திற்குச் செல்லும் வழியில், தந்தை அமர்ந்திருப்பதைக் கண்டால், எல்லோரும் பார்க்க அவர்முன் முழந்தாளிட்டு ஆசீர் பெற்ற பின்பே செல்வார். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளையை அவருடைய பதவி குறைத்துவிடவில்லை.

ஒரு வழக்கில் நீதி பெற்ற ஒரு கைம்பெண், புத்தாண்டுப் பரிசாக ஒரு சோடிக் கையுறைகளைக் கொண்டுவந்தார். அவற்றுக்குள் 40 பவுன் பணம் இருந்தது. அந்தப் பெண்ணின் மனம் புண்படாதபடி கையுறைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் மூர். கையூட்டும் களவுதான் என்பதை அறிந்தவர் அவர்.

அவருடைய மருமகன் ஒருவர், மாமனார்தானே நீதிபதி என்ற நம்பிக்கையில் ஒரு வழக்கில் விட்டுக்கொடுக்க மறுத்தார். மூர் வழக்கைக் கேட்டு, மருமகனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்.

இவை சிறிய நிகழ்ச்சிகள். இவற்றுக்காக யாரும் அவரைச் சிறையில் அடைக்கவில்லை. ஆனால் பின்னாளில் வந்த பெரிய சோதனையில் அவரைத் தாங்கி நிறுத்தியது இந்தச் சிறிய பிரமாணிக்கங்களே.

தாமஸ் மூர் குறையே இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. அவர் சான்சலராக இருந்த காலத்தில், திரிபுக் கொள்கையினர் என்று தீர்ப்பிடப்பட்ட ஆறு பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் சட்டம் சரியானது என்றே அவர் எண்ணினார். 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தபோது, இதில் அவர் தம் காலத்துப் பண்பாட்டின் எல்லைக்குள் நின்றார் என்பதையும் மறைக்காமல் குறிப்பிட்டார். கொலை செய்யாதே என்ற கட்டளையின் முழு ஆழத்தைத் திருச்சபையின் மக்கள் கண்டுகொள்ளக் காலம் பிடித்தது. புனிதர்களும் கட்டளைகளைக் கற்றுக்கொண்டே நடந்தவர்கள்தாம்.

இப்போது அந்தப் பெரிய சோதனைக்கு வருவோம். அரசர் எட்டாம் ஹென்றி தம் மனைவி கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் பொலினை மணக்க விரும்பினார். கேத்தரினோடு நடந்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கத் திருத்தந்தை இசையவில்லை. அரசர் இங்கிலாந்துத் திருச்சபையைத் தம் அதிகாரத்திற்குள் கொண்டுவரத் தொடங்கினார். ஆயர்களும் குருக்களும் பணிந்தபோது, 1532 மே மாதம் தாமஸ் மூர் பதவி விலகினார். எதிர்ப்புக் கூட்டமோ கிளர்ச்சியோ அவர் நடத்தவில்லை. தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு வேறு இடங்களில் வேலை தேடிக் கொடுத்துவிட்டு, செல்சீ என்ற ஊரிலிருந்த தம் வீட்டில் அமைதியாக வாழ்ந்தார்.

அமைதியாக இருக்க அவரை விடவில்லை. 1534-இல் வாரிசுரிமைச் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. ஆன் பொலினின் பிள்ளைகளே அரியணைக்கு உரியவர்கள் என்று அது கூறியது. நாட்டு மக்கள் அதற்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். அரியணை யாருக்கு என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கலாம், அதை ஏற்று உறுதிமொழி எடுக்க மூர் தயாராகவே இருந்தார். ஆனால் அவர்முன் வைக்கப்பட்ட உறுதிமொழியில், அரசரின் முதல் திருமணம் செல்லாது என்பதும், திருத்தந்தையின் அதிகாரத்தை மறுப்பதும் சேர்ந்திருந்தன. இவற்றை அவர் உண்மை என்று நம்பவில்லை. நம்பாத ஒன்றுக்கு இறைவனைச் சாட்சியாக அழைக்க அவரால் முடியவில்லை.

1534 ஏப்ரல் 13 அன்று லாம்பெத் அரண்மனைக்கு வரும்படி அவருக்கு ஆணை வந்தது. அன்று காலையில் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, திருப்பலியில் நற்கருணை உட்கொண்டார். வழக்கமாக அவர் படகேறும்போது குடும்பத்தார் கரைவரை வந்து வழியனுப்புவார்கள். அன்று மட்டும் அவர்களைத் தொடர்ந்துவர விடாமல் தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த உறுதிமொழியை எடுக்க மறுத்தார். நான்கு நாள் கழித்து லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

அங்கே அவர் இருந்தது ஏறத்தாழ 15 மாதங்கள். சிறையில் அவருக்கும் பணியாளுக்கும் ஆகும் உணவுச் செலவை மனைவி ஆலிஸ்தான் கட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவர் தம் உடைகளையே விற்றார். அன்பு மகள் மார்கரெட் சிறைக்கு வந்து, உறுதிமொழி எடுத்துவிட்டு வீடு திரும்பும்படி அப்பாவிடம் மன்றாடினார். மகளும் ஏற்கெனவே உறுதிமொழி எடுத்திருந்தவர்தான். மூர் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. மற்றவர்களுடைய மனச்சான்றுக்குத் தாம் நீதிபதி அல்ல என்றும், தம் மனச்சான்றை மட்டும் தம்மால் வேறொருவர் கையில் கொடுக்க முடியாது என்றும் அவருக்கு விளக்கினார். எழுதுபொருள்கள் மறுக்கப்பட்டபோது, கரித்துண்டால் மகளுக்குக் கடிதம் எழுதினார்.

அன்பானவர்களே, அந்த வீட்டின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை விவிலியத்தின்மேல் கை வைத்து, மனத்துக்குள் வேறொன்றை நினைத்துக்கொண்டு, வாயால் சொல்லிவிட்டிருந்தால் அப்பா வீட்டுக்கு வந்திருப்பார். நாட்டில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்தார்கள். இறைவன் புரிந்துகொள்வார் என்று நாம்கூட அவரிடம் சொல்லியிருப்போம். ஆனால் இறைவன் பெயரால் சொல்லும் சொல்லில், மனிதன் தன்னையே இறைவனிடம் பிணையாக வைக்கிறான் என்று மூர் நம்பினார். அந்தச் சொல் பொய்யானால் பிணையாக வைத்த தன்னையே அவன் இழந்துவிடுவான். அதன் பின் வீட்டுக்குத் திரும்புவது யார்?

அதே ஆண்டு நவம்பரில், இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர் என்று சட்டம் வந்தது. அரசரின் பட்டத்தைத் தீய எண்ணத்தோடு மறுப்பது இராசத்துரோகம் என்றும் சட்டமானது. மூர் எதுவும் பேசாமல் மௌனம் காத்தார். பேசாதவரைச் சட்டத்தால் தண்டிக்க இயலவில்லை. 1535 ஜூன் மாதம், அவருடைய நூல்களை எடுத்துச் செல்லச் சிறைக்கு வந்தார் ரிச்சர்டு ரிச் என்ற அரசு வழக்கறிஞர். ஜூலை 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த விசாரணையில், தம்மோடு பேசியபோது அரசரின் தலைமையை மூர் மறுத்தார் என்று ரிச் ஆணையிட்டுச் சாட்சி சொன்னார். மூர் அதைத் திட்டவட்டமாக மறுத்தார். ஆணையைப் பொருட்படுத்தாதவராகத் தாம் இருந்திருந்தால், இன்று குற்றவாளியாக இங்கே நிற்க வேண்டிய தேவையே இருந்திருக்காது என்று நீதிபதிகளுக்கு நினைவூட்டினார். அதே அறையில் இருந்த மற்ற இருவரை அழைத்துக் கேட்டபோது, நூல்களைக் கட்டிக்கொண்டிருந்ததால் பேச்சைக் கவனிக்கவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். மூர் குற்றவாளி என்று நடுவர் குழு விரைவிலேயே முடிவு சொன்னது.

ஒரு வழக்கில் இரண்டு ஆணைகள்! ஒருவர் பொய்யாணை இட மறுத்ததால் கூண்டில் நின்றார். இன்னொருவரின் ஆணை அவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியது. ரிச்சர்டு ரிச் பின்னர் 1547-இல், மூர் அமர்ந்திருந்த அதே சான்சலர் பதவியில் அமர்ந்தார். ஆட்சி மாறியபோதெல்லாம் அவரும் மாறிக்கொண்டு, செல்வத்தோடு வாழ்ந்து முடித்தார். கட்டளையை மீறுகிறவர் இவ்வுலகில் தோற்றுப்போவார் என்று வரலாறு எப்போதும் சொல்வதில்லை. அதனால்தான் கட்டளைகளைக் கடைப்பிடிக்க விசுவாசம் தேவைப்படுகிறது.

தீர்ப்புக்குப் பின் மூர் தம் நீதிபதிகளைச் சபிக்கவில்லை. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்ற பவுல், இன்று விண்ணகத்தில் ஸ்தேவானோடு நண்பராக இருப்பதுபோல, தாமும் நீதிபதிகளும் அங்கே மகிழ்ச்சியோடு சந்திக்க வேண்டும் என்று செபிப்பதாகச் சொன்னார். 1535 ஜூலை 6 அன்று டவர் ஹில் என்ற இடத்தில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், ஜூன் 22 அன்று, அதே காரணத்துக்காக ரோச்செஸ்டர் ஆயர் ஜான் ஃபிஷரும் உயிர்கொடுத்திருந்தார். இருவரையும் 1935-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் புனிதர்களாக அறிவித்தார். ஜூன் 22 அன்று இருவருக்கும் திருச்சபை விழா எடுக்கிறது.

இறைமக்களே! இந்தக் கட்டளை அரசவைகளுக்கு மட்டும் உரியதன்று. திருமணத்திற்கு முன், பல பங்குகளில் மணமக்கள் விவிலியத்தின்மேல் கை வைத்துத்தான் பங்குப்பணியாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். ஓலை வாசிக்கும்போது, தடை தெரிந்தவர் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். தெரிந்தும் நமக்கேன் வம்பு என்று இருந்துவிடுவது, நூல்களைக் கட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்களின் வழி. பீடத்தின் முன் சொன்ன திருமண வாக்குறுதியும், பாஸ்கா இரவில் எரியும் திரியோடு நாம் புதுப்பிக்கும் திருமுழுக்கு வாக்குறுதியும் இறைவன் முன் சொன்ன சொற்களே. பத்திரப் பதிவில் உண்மை விலையை மறைத்துக் கையெழுத்திடுகிறோம். நீதிமன்றத்தில் கடவுள் பெயரால் ஆணையிட்டபின், உறவினருக்காகப் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்கிறோம். மாதா மேல் சத்தியம் என்று கடைத்தெருவில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். நம் மக்கள் பிரதிநிதிகள் கடவுளின் பெயரால் ஆணையிட்டோ உளமார உறுதிகூறியோ பதவியேற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் நாம், நம் வீட்டில் சொன்ன சொல்லைக் காக்கிறோமா?

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் இந்தக் கட்டளையை நீக்கிவிடவில்லை, இன்னும் ஆழப்படுத்தினார். ஆணையே தேவைப்படாத அளவுக்கு, நம் ஆம் என்பது ஆம் ஆகவும், இல்லை என்பது இல்லை ஆகவும் இருக்க அழைத்தார் (மத்தேயு 5). தமக்குத் துன்பம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாதவரே ஆண்டவரின் கூடாரத்தில் தங்குவார் என்று திருப்பாடல் 15 கற்பிக்கிறது.

நாம் கோபுரச் சிறைக்கு அழைக்கப்படாமல் போகலாம். ஆனால் கையுறைக்குள் பணம் வைத்து நீட்டப்படும் நாள் நம் எல்லோருக்கும் வரும். பெற்றோர் முன் தலை வணங்கத் தயங்கும் நாளும், சொந்தக்காரருக்காக நீதியை வளைக்கச் சொல்லும் நாளும் வரும். அந்தச் சிறிய நாள்களில் கட்டளையைக் காத்தவரே பெரிய நாளிலும் காப்பார்.

இந்த வாரம், சொல்லிவிட்டுக் காக்காமல் விட்ட ஒரு வாக்கை நினைவுக்குக் கொண்டுவருவோம். அது வாழ்க்கைத் துணைக்குச் சொன்னதாக இருக்கலாம், பிள்ளைக்குச் சொன்னதாக இருக்கலாம், இறைவனுக்கு நேர்ந்ததாகவும் இருக்கலாம். அதை நிறைவேற்ற ஓர் அடி எடுத்து வைப்போம். புனித தாமஸ் மூர் நமக்காகப் பரிந்து பேசுவாராக. நம் நாவில் உண்மையும் நம் இதயத்தில் அன்பும் நிலைக்க இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.