முத்துசாமி அய்யரும் நிறத்திமிரும்

மயிலாப்பூர் என்றதும் வக்கீல்களும் ஜட்ஜுகளும் நினைவுக்கு வருவது நம் நகரத்துப் பழைய வழக்கம். அங்கிருந்து ஹைகோர்ட்டுக்கு வண்டியேறிச் சென்ற எஸ். சுப்பிரமணிய அய்யர், வி. பாஷியம் அய்யங்கார் முதலியோரின் பெயர்களை இன்றும் பெரியோர்கள் சொல்லக் கேட்கிறோம். அவர்களும் பின்னாளில் ஜட்ஜுகளானார்கள். ஆனால் அந்த ஆசனத்தில் முதன்முதலாக அமர்ந்த சுதேசி, ஸர் டி. முத்துசாமி அய்யர். அவருடைய சரித்திரத்தை நாம் இங்கு எழுதப் புகுந்தது அவரைப் புகழ்வதற்காக மாத்திரமன்று. அவருக்கு விரோதமாகக் கூச்சலிட்டவர்கள் அடைந்த பலன் இன்னதென்று காட்டவும் விரும்புகிறோம்.

அவர் 1832ஆம் வருஷம் ஜனவரி 28ஆம் தேதி தஞ்சாவூர் ஜில்லாவில் உச்சுவாடி என்னும் கிராமத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கு வேலையில் அமர்ந்தார். அந்நிலையில் அவரைக் கண்டவர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். பையன் எந்தக் குலம், அவன் வீட்டில் என்ன சொத்து என்று அவர் எண்ணமிடவில்லை. பையனுடைய புத்தி ஒன்றையே பார்த்தார். சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். சென்னையில் பவல் என்னும் இங்கிலீஷ் ஆசிரியரும் அவ்விதமே பார்த்தார். 1854இல் இங்கிலீஷ் வியாசப் போட்டி ஒன்றில் 500 ரூபாய் பரிசு அந்த மாணாக்கருக்குக் கிடைத்தது. வெள்ளையர் எல்லோரும் நிறத்திமிர் பிடித்தவர்களல்லர் என்பதை நாம் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லியாக வேண்டும்.

குமாஸ்தா, பாடசாலை டிப்டி இன்ஸ்பெக்டர், ஜில்லா முன்சீப், டிப்டி கலெக்டர், ஸப் ஜட்ஜ், சென்னைப் போலீஸ் மாஜிஸ்டிரேட், ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜ் என்று ஒவ்வொரு படியாக அவர் ஏறினார். உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டப் பரீக்ஷையிலும் தேறினார். இவ்வளவுக்கும் பின்பு, 1878இல், ஹைகோர்ட்டு ஜட்ஜ் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. கல்கத்தா ஹைகோர்ட்டில் சம்புநாத பண்டிதர் 1863லேயே ஜட்ஜாக அமர்ந்துவிட்டார். 1862இல் ஏற்பட்ட சென்னை ஹைகோர்ட்டுக்கோ பதினாறு வருஷம் வேண்டியிருந்தது.

அந்த நியமனத்தைக் கேட்டதும் சென்னையில் ஐரோப்பியர் நடத்திவந்த பத்திரிகைகள் சீறின. ஒரு சுதேசியை அவ்வளவு உயர்ந்த ஆசனத்தில் ஏற்றுவது தகாது என்பதே அவர்கள் கட்சி.

வக்கீல் தொழிலை அறிந்தவர்களுக்கு இக்கூச்சலின் அறியாமை எளிதில் விளங்கும். ஹிந்து தர்மசாஸ்திர விஷயங்களில் கோர்ட்டாருக்கு அபிப்பிராயம் சொல்லிவந்த பண்டிதர்களின் பதவி 1864ஆம் வருஷத்துச் சட்டத்தால் எடுபட்டுப் போயிற்று. அதன் பின்பு தத்து, பாகப்பிரிவினை, ஸ்திரீதனம் முதலிய வழக்குகளையெல்லாம் இங்கிலீஷ் ஜட்ஜுகள் மொழிபெயர்ப்புகளைக் கொண்டே தீர்க்க வேண்டியதாயிற்று. குடும்பங்களின் உள்நடப்பை நேரில் அறிந்த ஒருவர் அந்த ஆசனத்தில் மிகவும் தேவைப்பட்ட காலம் அது. தங்களுக்கே உதவக்கூடிய கையைத்தான் அப்பத்திரிகைக்காரர்கள் தட்டிவிடப் பார்த்தார்கள்.

ஆனால் தட்டிவிட முடியவில்லை. அய்யர் 1895 ஜனவரி 25ஆம் தேதி காலமாகும் வரையில் அந்த ஆசனத்தில் இருந்தார். மலையாள ஜில்லாவின் விவாக வழக்கங்களை விசாரிக்க 1891இல் கமிஷன் அமைத்தபோது சர்க்கார் அவரையே தலைவராக்கிற்று. 1893இல் அவர் சில மாதம் தலைமை ஜட்ஜாகவும் வேலை பார்த்தார். ஹைகோர்ட்டில் அவருடைய வெண்பளிங்குச் சிலை இருக்கிறது. அவரை எதிர்த்து எழுதினவர்களுக்குச் சிலை கிடையாது. அவர்கள் பெயர்களையும் யாரும் நினைப்பதில்லை.

நிறத்திமிரின் பலன் இத்துடன் முடியவில்லை. அப்பத்திரிகைகளின் ஏளனத்தைக் கண்டு மனம் கொதித்த ஆறு வாலிபர்கள் திருவல்லிக்கேணியில் கூடினார்கள். அவர்களில் முதல்வர் ஜி. சுப்பிரமணிய அய்யர், அப்போது அவருக்கு 23 வயது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் தேதி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுவே ஹிந்து பத்திரிகை. அங்ஙனம் முளைத்தது அதனோடும் நிற்கவில்லை. 1882இல் சுதேசமித்திரன் பிறந்தது. 1884இல் சென்னை மகாஜன சபை ஏற்பட்டது. 1885இல் பம்பாயில் கூடிய முதலாவது காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அதே ஜி. சுப்பிரமணிய அய்யரே.

ஒரு மனிதரை ஜட்ஜாகாமல் தடுக்க எழுந்த துவேஷம் ஒரு தேசத்தைப் பேசவைத்தது. சும்மா இருந்திருந்தால் சென்னைப் பத்திரிகை உலகம் இன்னும் சில காலம் ஐரோப்பியருக்கே சொந்தமாக இருந்திருக்கும். தங்கள் போட்டிக்காரனைத் தாங்களே பெற்றெடுத்தார்கள். அவ்வினத்தில் பெயர்பெற்ற மெட்ராஸ் மெயில் பிற்காலத்தில் இந்தியர் கைக்கு மாறி, 1981இல் நின்றுபோயிற்று. அந்த 80 பிரதிகளின் சந்ததியோ இன்றும் தினந்தோறும் அச்சாகிறது.

துவேஷம் முதலில் கண்ணைக் கெடுக்கிறது. எதிரே நிற்பவனுடைய தகுதி அதை உடையவனுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் தப்புக் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கின் நஷ்டம் அவன் தலையிலேயே விழுகிறது.

நிற்க. இதை வாசித்து வெள்ளையரை நகைப்பதோடு நம்மவர் நின்றுவிடக் கூடாது. அதே ஜி. சுப்பிரமணிய அய்யர் விதவையான தம் குமாரத்திக்கு 1889இல் மறுவிவாகம் செய்துவைத்தார். நிறத்திமிரை எதிர்த்ததற்காக அவரைக் கொண்டாடிய சமூகமே அதன் பொருட்டு அவரை ஒதுக்கியது. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் வியாதி வெள்ளைத் தோலுக்கு மாத்திரம் உரியதன்று. நம் தெருவிலும், நம் சங்கங்களிலும், தேர்தலுக்கு நாம் ஆள் பொறுக்குமிடத்திலும் அது குடியிருக்கிறது. ஒரு ரூபாய்ச் சம்பளக்காரப் பையனிடம் வருங்கால ஜட்ஜைக் கண்ட அந்த தாசில்தாரின் கண் நமக்கு உண்டா? தேசத் தொண்டர்கள் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இல்லையெனில் 1878இன் நஷ்டக் கணக்கை நாமும் ஒரு நாள் எழுத நேரும்.