ஓட்டுக் கேட்டு வந்த முதல்-மந்திரி

ஆம்பூரில் இருந்து பேரணாம்பட்டு வழியாகப் போனால் குடியாத்தம் வரும். ஆம்பூரும் பேரணாம்பட்டும் தோல் பதனிடும் ஊர்கள். குடியாத்தம், கைத்தறி நெசவுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர். அந்தக் காலத்தில் இந்த ஊர்கள் எல்லாம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன.

1954-ம் ஆண்டில் குடியாத்தத்துக்கு ஒரு முதல்-மந்திரி ஓட்டுக் கேட்டு வந்தார். தோற்றால் அவருடைய பதவி போய்விடும். ஓட்டுக் கேட்காமலே பதவியில் நீடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. ஆனால், அந்த வழியில் அவர் போகவில்லை.

அவர்தான் காமராஜர்.

படிப்பு நின்றது

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி விருதுநகரில் பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார். தாயார் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் நகைகளை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். காமராஜரின் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடையில் உட்கார்ந்திருந்தாலும் அவர் மனம் சுதந்திரப் போராட்டத்தில் இருந்தது. பொதுக்கூட்டம் எங்கே நடந்தாலும் போய்விடுவார். அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி, அங்கே இன்னொரு மாமாவின் மரக்கடையில் வேலை செய்ய வைத்தார்கள். அப்போதும் அவர் மாறவில்லை. 1930-ம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அதன் பிறகு சிறைவாசம் அவருக்குப் பழகிப்போயிற்று. அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

வேலூர் சிறையில்

தீரர் சத்தியமூர்த்தி, காமராஜரின் அரசியல் குரு. 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனபோது, காமராஜர் செயலாளர் ஆனார். 1940-ல் காமராஜர் தலைவர் ஆனார். அப்போது அவருக்குக் கீழே செயலாளராக இருந்தவர் யார் தெரியுமா? அதே சத்தியமூர்த்தி!

அந்த ஆண்டுக் கடைசியில், யுத்த நிதிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று பேசியதற்காகக் காமராஜரை வெள்ளைக்கார சர்க்கார் கைது செய்தது. வேலூர் சிறையில் அடைத்தது. வட ஆற்காடு மாவட்டம் அப்போது அவரைக் கைதியாகத்தான் ஏற்றுக்கொண்டது.

சிறையில் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும், கட்சி வேலைதான் முக்கியம் என்று அந்தப் பதவியை அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

93-க்கு 41

1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சென்னை மாகாண சட்டசபையில் மொத்தம் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. மந்திரிசபை அமைக்க அனுபவம் மிக்க ராஜாஜியை அழைத்தார்கள். ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் அவரை மேல்-சபை மெம்பராக நியமித்தார். அப்படி அவர் முதல்-மந்திரி ஆனார்.

1953-ல் ராஜாஜி ஒரு புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லிப் பலர் எதிர்த்தார்கள். காங்கிரசிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. ராஜாஜி பதவியை விட்டு விலகினார்.

அடுத்த முதல்-மந்திரி யார்? 1954 மார்ச்சு மாதக் கடைசியில் சட்டசபை காங்கிரஸ் கட்சிக்குள் தேர்தல் நடந்தது. ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி.சுப்பிரமணியம் ஒரு பக்கம். காமராஜர் இன்னொரு பக்கம். காமராஜருக்கு 93 ஓட்டு. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு.

ஏப்ரல் 13-ந்தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். மந்திரிகள் மொத்தம் 8 பேர்தான். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் மந்திரிகளாகச் சேர்த்துக்கொண்டார். தோற்றவர்களை ஒதுக்கி வைக்கவில்லை.

6 மாதக் கெடு

காமராஜர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் பாராளுமன்ற மெம்பர். சென்னைச் சட்டசபையில் அவருக்கு இடம் இல்லை.

சட்டசபையிலோ மேல்-சபையிலோ மெம்பராக இல்லாத ஒருவர் மந்திரி ஆகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு சபையில் அவர் இடம் பெற வேண்டும். இல்லாவிட்டால் பதவி போய்விடும். இது அரசியல் சட்டம்.

ராஜாஜி போன மேல்-சபை வழி காமராஜருக்கும் திறந்தே இருந்தது. அந்த வழியில் தோல்விப் பயம் கிடையாது. ஆனாலும், மக்களிடம் நேரே ஓட்டு வாங்கிச் சட்டசபைக்குப் போவது என்று காமராஜர் முடிவு செய்தார்.

குடியாத்தம் தொகுதியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே நடந்த இடைத்தேர்தலில் அவர் நின்றார். குடியாத்தம் எங்கே, விருதுநகர் எங்கே! சொந்த பந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் அவருக்கு ஆள் இல்லை.

கம்யூனிஸ்டு கட்சி அவரை எதிர்த்து வி.கே.கோதண்டராமனை நிறுத்தியது. கம்யூனிஸ்டுகள் அப்போது சட்டசபையில் பலமான எதிர்க்கட்சி. போட்டி சாதாரணமானது அல்ல.

அப்போதுதான் ஒரு அதிசயம் நடந்தது. 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறி, அதன் பிறகு அந்தக் கட்சியைக் கடுமையாக எதிர்த்து வந்தவர் பெரியார். அவர் காமராஜரை ஆதரித்தார். அண்ணாவின் தலைமையில் இருந்த தி.மு.கழகமும் ஆதரவு கொடுத்தது. பெரியாரும் அண்ணாவும் 1949-லேயே பிரிந்து போனவர்கள். பிரிந்து நின்ற அந்த இருவரும் ஒரே வேட்பாளரை ஆதரித்தார்கள்.

இதற்குக் காரணம் இருந்தது. பதவி ஏற்ற சில வாரங்களிலேயே காமராஜர் சர்க்கார் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. படிப்பை இழந்த ஒருவர், ஏழைப் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றினார்.

ஓட்டுப்பதிவு முடிந்தது. பெட்டிகளைத் திறந்து எண்ணினார்கள். காமராஜர் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார்!

பிள்ளைகளுக்குச் சோறு

குடியாத்தம் மக்களின் மெம்பராகத்தான் காமராஜர் தம் ஆட்சியின் முதல் மூன்று ஆண்டுகளை நடத்தினார். மூடிக்கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்தன. பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்து, மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார்.

1957-லும் 1962-லும் சாத்தூரில் நின்று ஜெயித்தார். 1963 அக்டோபர் 2-ந்தேதி, கட்சிப் பணிக்காக முதல்-மந்திரி பதவியைத் தாமாகவே துறந்தார். பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர் ஆனார். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமர் ஆனதில் காமராஜருக்குப் பெரும் பங்கு உண்டு.

தோல்வியும் வந்தது

ஓட்டுப்பெட்டி எப்போதும் ஒரே மாதிரி இருப்பது இல்லை. 1967-ல், பிறந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். அவரை வென்றவர் பெ.சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு.

அதோடு அவர் ஒதுங்கிவிடவில்லை. 1969-ல் நாகர்கோவில் பாராளுமன்ற இடைத்தேர்தலில் நின்றார். மீண்டும் மக்களிடம் ஓட்டுக் கேட்டார். ஜெயித்தார்.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி பிறந்த நாளில், சென்னையில் வாடகை வீட்டில் காமராஜர் காலமானார். தமக்கென்று அவர் சொத்துச் சேர்க்கவில்லை. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதற்குக் காமராஜர் பாலம் என்று பெயர். அந்த ஊருக்கு அவர் வெளியூர்க்காரராக வந்தார். அந்த ஊர் மக்கள் அவரைத் தங்கள் மெம்பராகச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.