விண்ணின் எதிரொலி கேட்டவர்

இரவில் தொலைதூர வானொலி நிலையத்தைக் கேட்டோர் ஒரு விந்தையை உணர்ந்திருப்பர். பாட்டு தெளிவாக ஒலிக்கும். சற்று நேரத்தில் தேய்ந்து மறையும். பிறகு தானாகவே மேலெழும். பெட்டியில் பழுது என்று எண்ணி அதைத் தட்டிப் பார்ப்பவர் பலர். பழுது பெட்டியில் இல்லை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், கதிரவனின் கதிர்பட்டு மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கொன்று அலைகளைத் திருப்பி அனுப்புவதால் நேரும் விளைவு அது. அந்த உயரத்துச் செய்தியை இந்திய மண்ணிலிருந்து முறையாகப் படித்தறிய வழிவகுத்தவர் சிசிர் குமார் மித்ரா.

இவர் வங்காளத்தில் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜெயகிருஷ்ணர் ஆசிரியர். தாய் சரத்குமாரியோ, பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த அக்காலத்தில், குழந்தைகளுக்குத் தாயான பின்னர் கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, பாகல்பூரின் டஃபரின் சீமாட்டி மருத்துவமனையில் பணியேற்றவர். தந்தை நோயுற்றபின் குடும்பம் அவ்வன்னையின் வருவாயை நம்பியே நின்றது. மகன் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பயின்று, 1912இல் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றதும் அவ்வருவாயால்தான்.

 பாகல்பூரிலும் பாங்குராவிலும் கல்லூரி ஆசிரியராகச் சில ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு நேரத்தில் வங்கமொழியில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1916இல் சர் அசுதோஷ் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் புதிய அறிவியல் கல்லூரிக்கு அவரை அழைத்தார். அங்கே திருச்சிராப்பள்ளி தந்த சர் சி.வி. இராமனின் வழிகாட்டலில் ஒளியின் குறுக்கீட்டு விளைவையும் விளிம்பு விளைவையும் ஆராய்ந்து, 1919இல் முனைவரானார். அடுத்து பாரிசின் சோர்போன் சென்று, சார்லஸ் ஃபாப்ரியிடம் ஒளியியலிலேயே இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்றார்.

ஒளியியல் அறிஞராகவே அவர் திரும்பியிருக்கலாம். ஆனால் பிரான்சின் நான்சி நகரில், காமில் குட்டனின் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடக் குழல்களைக் கொண்டு வானொலி அலைகளை ஆக்குவதைக் கண்டார். அவர் உள்ளம் அத்துறைக்கே தாவியது. முப்பது வயதைக் கடந்தபின், தேர்ச்சி பெற்ற துறையை விட்டுப் புதியதொன்றைத் தொடங்குவது எளிய முடிவன்று. முதுகலைப் பாடத்திட்டத்தில் கம்பியில்லாத் தந்தியியலைச் சேர்க்க வேண்டுமென அங்கிருந்தே முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். முகர்ஜியும் இசைந்தார்.

அந்நாளில் வானொலி உலகே ஒரு புதிரின் முன் நின்றது. இருநூறு மீட்டருக்குக் குறைந்த அலைநீளங்கள் தொலைவு செல்லா எனக் கருதி, அவற்றை வானொலி ஆர்வலர்களுக்கு விட்டுவைத்திருந்தனர். அந்த ஆர்வலர்களோ 1923 நவம்பரில், பிரான்சின் நீஸ் நகரிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுடன் இருவழித் தொடர்பு கொண்டனர். நேர்க்கோட்டில் செல்லும் அலை உருண்டையான புவியைச் சுற்றி வந்தது எவ்வாறு? மேலே அலையைத் திருப்பும் அடுக்கொன்று இருக்க வேண்டுமெனக் கென்னலியும் ஹெவிசைடும் 1902லேயே கருதினர். சான்று மட்டும் கிடைக்கவில்லை.

அச்சான்றை 1924 டிசம்பரில் இங்கிலாந்தின் எட்வர்ட் ஆப்பிள்டனும் அவருடைய மாணவர் பார்னெட்டும் கண்டனர். போர்ன்மவுத் ஒலிபரப்பு நிலையம் அன்றைய நிகழ்ச்சிகளை முடித்த பின், தன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றியது. அவர்கள் ஆக்ஸ்போர்டில் அமர்ந்து கேட்டனர். தரையை ஒட்டி வரும் அலையும் மேலே சென்று திரும்பும் அலையும் ஒத்திசைந்தால் ஒலி ஓங்கும், முரண்பட்டால் அடங்கும். அலைநீளம் மாறும்போது ஒலி எத்தனை முறை ஓங்கி அடங்குகிறது என்று எண்ணினால், இரு வழிகளின் நீள வேறுபாடும் அதிலிருந்து அடுக்கின் உயரமும் கிடைக்கும். ஒளியின் குறுக்கீட்டில் தோய்ந்த மித்ராவுக்கு இக்கணக்கு புதிதன்று. பழகிய இயற்பியலே வேறு உருவில் வந்தது.

1923இன் இறுதியில் தாயகம் திரும்பிய அவர், கருவிகளில் பலவற்றை மாணவரைக் கொண்டே செய்வித்தார். இந்நாட்டில் முறையான ஒலிபரப்பு தொடங்குமுன்பே, 2 சி இசட் என்ற அழைப்புக் குறியுடன் அவருடைய ஆய்வுக்கூடம் ஒலிபரப்பியது. இங்கிலாந்தில் அளந்தாயிற்றே, கல்கத்தாவில் மீண்டும் அளப்பானேன் என்ற கேள்வி எழலாம். அடுக்கை உருவாக்குவது கதிரவன். கதிரவன் உச்சிக்கு வரும் வெப்பமண்டலத்து மேல்வானம் இங்கிலாந்தின் மேல்வானம் போன்றதன்று. அதை இங்கிருந்துதான் கேட்க வேண்டும். கல்கத்தா ஒலிபரப்பு நிலையத்தின் அலைகளைத் துணைக்கொண்டு, 1930இல் ஈ அடுக்கு எனப்படும் அப்பகுதிக்கு இங்கேயே செய்முறைச் சான்று கண்டார். ஊரார் பாட்டுக் கேட்ட அதே அலை அவருக்கு அளவுகோலாயிற்று. பின்னர் சிறு துடிப்புகளை மேலே அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்யும் முறைக்கு அக்குழு மாறியது. நூறு கிலோமீட்டர் ஏறி இறங்கும் அலைக்கு, ஒரு நொடியின் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கே ஆகும், அந்நேரத்தை அளந்தனர்.

அவர் கருத்துகள் யாவும் நிலைக்கவில்லை. கிளர்வுற்ற நைட்ரஜன் பற்றி அவர் வகுத்த கொள்கையைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. ஆயினும் பல்லாண்டு உழைப்பில் எழுதிய மேல் வளிமண்டலம் பற்றிய அவருடைய பெருநூல் நிலைத்தது. போர்ச்சூழலில் பதிப்பாளர் கிடைப்பது அரிதாக, கல்கத்தாவின் ஆசியக் கழகம் 1947இல் அதனை வெளியிட்டது. 1952இல் இரண்டாம் பதிப்பு வந்தது. உருசிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

1949இல் வானொலி இயற்பியலுக்கெனத் தனி நிறுவனம் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. ஹரிங்கட்டாவில், நகரத்து மின்னிரைச்சலுக்கு அப்பால், அயனி மண்டலத்தை ஆராயும் கள நிலையமும் அமைந்தது. 1958இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பணி ஓய்வுக்குப் பின் மேற்கு வங்க இடைநிலைக் கல்வி வாரியத்தின் நிருவாகப் பொறுப்பையும் ஏற்று, பள்ளித் தேர்வுகளைச் சீர்செய்வதில் சில ஆண்டுகள் செலவிட்டார். 1962இல் தேசியப் பேராசிரியராக அமர்த்தப்பட்டு, மீண்டும் ஆய்வுக்குத் திரும்பினார். 1963 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.