மேரி ஆண்டர்ஸன் அம்மையார்

மழைக்காலத்தில் மோட்டார் வண்டியிற் செல்வோர் யாவரும், முன்புறக் கண்ணாடியின்மீது இடமும் வலமுமாக அசைந்து நீரை வழித்தெறியும் துடைப்பானைக் கண்டிருப்பர். கண்டவருள், தொடக்ககாலத்தில் இதனை எண்ணியோர் யாவர் என வினவியவர் மிகச் சிலரே. அவ்வினாவிற்கு விடையாக நிற்போருள் ஒருவர் மேரி ஆண்டர்ஸன் அம்மையார். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1866-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாலுள்ள அலபாமா மாகாணத்திற் பிறந்தார். அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டும் நிரம்பாத காலம் அது. 1870-இல் தந்தையார் காலமாகவே, மேரியும் அவர் சகோதரியும் தாயாரின் ஆதரவிலேயே வளர்ந்தனர். 1889-இல் மூவரும் பர்மிங்ஹாம் நகரிற் குடியேறி, குடிக்கூலிக்கு விடுதற்குரிய பெருமனை ஒன்றைக் கட்டுவித்தனர். 1893-இல் மேரி அம்மையார் மேல்கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்திற்குச் சென்று, பிரெஸ்னோ என்னுமிடத்தில் ஆநிரையும் திராட்சைத் தோட்டமும் வைத்து நடத்தினார். 1898-இல் பர்மிங்ஹாமுக்கு மீண்டார். யந்திர சாஸ்திரம் கற்றவரல்லர். எனினும் தம் காரியங்களைத் தாமே ஆராய்ந்து நடத்தும் ஆற்றல் வாய்ந்தவர் என்பது இவற்றாற் புலனாகும்.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் அவர் நியூயார்க் நகரைக் காணச் சென்றார். ஒருநாள் டிராம் வண்டியில் அமர்ந்து செல்கையில், பனியும் மழையும் கலந்து பெய்து முன்கண்ணாடியை மறைத்தன. வழியைக் காணமாட்டாத வண்டியோட்டி கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து, குளிர்காற்றும் பனியும் முகத்தில் அறையச் செலுத்திச் சென்றான். பிரயாணிகளும் உடன் நடுங்கினர். அக்காலத்தில் இஃது எவர்க்கும் வியப்பன்று, இயல்பெனவே கொண்டனர். மேரி அம்மையாரோ, வண்டிக்குள் இருந்தபடியே வெளிக்கண்ணாடியைத் துடைக்கும் உபாயம் யாதென ஆராயத் தொடங்கினார்.

ஊர் திரும்பியபின் அக்கருவியின் அமைப்பை வரைந்து முடித்தார். கண்ணாடிக்கு வெளியே ரப்பர் பதித்த நீண்ட கோல் ஒன்று. வண்டிக்கு உள்ளே அதனை இயக்கும் கைப்பிடி ஒன்று. கைப்பிடியை அசைக்கும்தோறும் கோல் கண்ணாடியின்மீது சென்று மீளும். கோல் கண்ணாடியை விட்டு விலகாது ஒரு சீராக அழுந்திநிற்றற்பொருட்டு எடையொன்றும் அமைக்கப்பெற்றது. மழையற்ற காலத்தில் அதனைக் கழற்றி வைத்தலும் கூடும். 1903-ஆம் ஆண்டு ஜூன் 18-இல் உரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள், 743801 என்னும் எண்ணுடைய பேட்டெண்டு பத்திரம் அவர்க்கு வழங்கப்பெற்றது.

கருவி கைகூடியும் அதனை வாங்குவார் இலர். 1905-இல் கானடா தேசத்துக் கம்பெனி ஒன்றிற்கு அவ்வுரிமையை விற்க முயன்றார். வாணிகத்தில் இதற்கு மதிப்பில்லையெனக் கூறி அவர்கள் மறுத்தனர். மோட்டார் வண்டிகள் பெருகாத காலமாதலின் அங்ஙனம் எண்ணினர் போலும். போர்டு கம்பெனியார் எளியோரும் வாங்கத்தக்க வண்டியை விற்கத் தொடங்கியது 1908-இல் அன்றோ! பதினேழாண்டுகள் கழிந்து 1920-இல் அம்மையாரின் உரிமை முடிவெய்தியது. இரண்டாண்டுகளுள், 1922-இல், காடிலாக் கம்பெனியார் தம் வண்டிகள் அனைத்திலும் துடைப்பானை இன்றியமையா உறுப்பாக அமைத்தனர். பிறரும் பின்பற்றினர். அம்மையார்க்கோ ஒரு காசும் கிட்டவில்லை.

அவர் பர்மிங்ஹாமில் தம் மனையை மேற்பார்த்து வாழ்ந்து, 1953-ஆம் ஆண்டு ஜூன் 27-இல், தமது எண்பத்தேழாம் வயதில் இறந்தார். 2011-இல் அமெரிக்க நாட்டுப் புத்தாக்குநர் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது.

இவ்வரலாற்றால் யாம் அறியற்பாலது யாது? செலுத்துவோன் கண்ணுக்குப் புலனாகாத இடத்திலேயே இடர் வாழ்கின்றது. முன்னே உள்ளதைக் காட்டும் பணியை அம்மையார் மேற்கொண்டார். பின்னே உள்ளதைக் காட்டும் பணி அவர் காலத்திற்குப் பின்னும் நெடுங்காலம் எஞ்சி நின்றது. வண்டி பின்னோக்கி நகருங்கால், அதன் பின்னே நிற்கும் சிறு குழவி, இருக்கையின் உயரத்தாலும் வண்டியின் உடலாலும் மறைக்கப்படுகின்றது. தன் வீட்டு வாயிலிலேயே தந்தை மகவை இழக்கும் கொடுமை இதனால் நேர்வதுண்டு. இதனைத் தடுத்தற்பொருட்டு அமெரிக்க அரசினர், 2018-ஆம் ஆண்டு மே மாதமுதல் செய்யப்பெறும் புதிய சிறு வண்டிகள் யாவும், பின்னே பத்தடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட நிலப்பரப்பை ஓட்டுநர்க்குக் காட்டவேண்டுமென விதித்தனர். 1958-ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின்கீழ் ஐக்கிய நாடுகள் சபையார் வகுத்த 158-ஆம் வாகனவிதி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. கண்ணாடியாலோ, படக்கருவியாலோ, தடையுணர்ந்து அறிவிக்கும் கருவியாலோ பின்னிற்போரை ஓட்டுநர் அறிதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

அன்று ஒரு பெண்மணி தனித்து எண்ணி, விலைபோகாதென விலக்கப்பெற்ற கருத்து இதுவே: காணாமற் செலுத்துதல் தகாது. பல நாட்டினர் இன்று அதனைச் சட்டமாக்கிப் போற்றுகின்றனர். பயன் உடனே கிட்டாமைபற்றி நற்கருத்தை இகழ்தலும் கைவிடுதலும் அறிவுடையோர்க்கு அழகல்ல என்பதை மாணவராகிய நாம் இவ்வம்மையார் வாழ்க்கையினின்றும் கற்றுக்கொள்வோமாக.