காற்றைச் சேமித்து வைத்த வாத்தியார்

(மூன்றாம் ஆண்டு, டிப்ளமோ இ.இ.இ.)

மின்சாரம் என்றதும் நமக்கு ஃபாரடே ஞாபகம் வருவார், எடிசன் ஞாபகம் வருவார். வைவாவில் கேட்டாலும் அவர்கள் பெயரைத்தான் சட்டென்று சொல்வோம். டென்மார்க் நாட்டில் போய்க் கேட்டால் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். போல் லா கூர்! அந்த நாட்டு எடிசன் என்றே அவருக்குப் பெயர் உண்டு. காற்றாலையில் கரண்ட் எடுத்து, அந்தக் கரண்டால் தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனைத் தொட்டியில் அடைத்து வைத்து, ராத்திரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே விளக்கேற்றியவர் அவர். எப்போது தெரியுமா? 1895-ல்! பசுமை ஹைட்ரஜன் என்று இன்றைக்கு உலகம் பூராவும் பேசுகிற சங்கதியை அந்த மனுஷன் அன்றைக்கே செய்து பார்த்துவிட்டார்.

லா கூர் பிறந்தது 1846 ஏப்ரல் 13-ல், ஜட்லாந்துப் பகுதியில் எபெல்டோஃப்ட் ஊருக்குப் பக்கத்தில். விவசாயக் குடும்பம். கோபன்ஹேகனில் இயற்பியலும் வானிலை இயலும் படித்தார். 1872-ல் டென்மார்க் வானிலை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் துணை இயக்குநராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26தான்!

அங்கே இருந்துகொண்டே தந்தித் துறையிலும் இறங்கினார். 1875-ல் தொனிச் சக்கரம் என்ற ஒரு கருவியைச் செய்தார. ஒரு இசைக்கவை அதிர்கிற வேகத்துக்கு ஏற்ப மின்காந்தத்துக்குக் கரண்ட் விட்டு விட்டுப் போகும். எதிரே இருக்கும் பல் சக்கரம் அந்தக் கணக்குத் தப்பாமல் ஒரே சீரான வேகத்தில் சுற்றும். நாம் மெஷின்ஸ் லேப்பில் பார்க்கிற சிங்க்ரனஸ் மோட்டாருக்கு இதை ஒரு மூத்த அண்ணன் என்றே சொல்லலாம்.

இப்படிப் பேரும் புகழும் வரும் நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் தலைநகரத்திலேயே தங்கியிருப்பார்கள். லா கூர் 1878-ல் ஆஸ்கோவ் என்ற சின்ன கிராமத்துக்கு வாத்தியாராகப் போய்விட்டார். அங்கே இருந்தது ஒரு மக்கள் உயர்பள்ளி. குருண்ட்விக் என்ற அறிஞரின் கருத்தைப் பின்பற்றி எழுந்த பள்ளிகள் இவை. கிராமத்து இளைஞர்கள் வந்து தங்கிப் படிப்பார்கள். பரீட்சை கிடையாது! (பெருமூச்சு விடாதீர்கள் நண்பர்களே!) கணிதத்தையும் இயற்பியலையும் அவை பிறந்த வரலாற்றோடு சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது லா கூரின் பாணி. அதற்கென்று புத்தகங்களும் எழுதினார்.

கிராமத்துப் பிள்ளைகளோடு பழகியவருக்கு ஒரு கவலை வந்தது. மின்சாரம் பட்டணத்துக்கு வந்துவிட்டது, கிராமத்துக்கு வரவில்லை. வெளிச்சமும் மெஷினும் இருக்கிற இடத்துக்குத்தான் இளைஞர்கள் கிளம்பிப் போவார்கள். அப்புறம் கிராமத்தில் யார் இருப்பது? டென்மார்க்கில் நிலக்கரிச் சுரங்கமும் கிடையாது. வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆனால் காற்று? அது ஜட்லாந்து முழுவதும் இலவசமாக வீசிக்கொண்டிருந்தது.

1891-ல் அரசாங்க உதவிப் பணத்தைக் கொண்டு பள்ளிக்குப் பக்கத்திலேயே சோதனைக் காற்றாலை ஒன்றைக் கட்டினார். முதல் சிக்கல், காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. டைனமோவின் வேகம் ஏறி இறங்கினால் வோல்டேஜும் ஏறி இறங்குமே! அதற்குக் கப்பியும் எடையும் வைத்து, டைனமோவுக்குப் போகும் விசையைச் சமப்படுத்த ஒரு அமைப்புச் செய்தார். கிராட்டோஸ்டாட் என்று பெயர் வைத்தார். எலக்ட்ரானிக்ஸ் என்ற வார்த்தையே பிறக்காத காலம் அது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. காற்று இல்லாத நாளில் என்ன செய்வது? இங்கேதான் ஹைட்ரஜன் வருகிறது. இத்தாலியைச் சேர்ந்த பொம்பேயோ கருட்டி என்ற பேராசிரியர் உருவாக்கிய முறையில் தண்ணீரை மின்பகுப்புச் செய்தார். இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரியில் நாம் படித்த அதே பாடம். ஹைட்ரஜனை 12 கன மீட்டர் தொட்டியில் சேமித்தார். ஹைட்ரஜன் சுடருக்குத் தானாக அவ்வளவு வெளிச்சம் கிடையாது. அதன் சூட்டில் வேறு ஒரு பொருளைப் பழுக்க வைத்தால் அது பளீரென்று ஒளிவிடும். இப்படித்தான் 1895 முதல் 1902 வரை ஏழு வருஷம் ஆஸ்கோவ் பள்ளியில் விளக்கு எரிந்தது. நேற்று அடித்த காற்று இன்றைய இரவுக்கு வெளிச்சம்!

எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துவிட்டால் போதும், வெடிதான். பள்ளிக் கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளைப் பல தடவை மாற்ற வேண்டியிருந்ததாம். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பிடிக்கும். அதனால்தான் இன்றைக்கும் ஹைட்ரஜன் உள்ள இடத்தில் கசிவுச் சோதனையும் காற்றோட்டமும்தான் முதல் வேலை.

கடைசியில் ஹைட்ரஜன் விளக்கை அவரே கைவிட்டார். 1902-ல் அந்த ஆலை ஆஸ்கோவ் கிராமத்துக்கே கரண்ட் கொடுக்கும் மின் நிலையமாக மாறியது. சேமிப்புக்கு லெட் ஆசிட் பேட்டரி, காற்று நின்றுபோனால் கைகொடுக்க எண்ணெய் எஞ்சின். இந்த முடிவு சரிதானா? கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய நல்ல கருவியிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை எரித்தால் கிடைக்கும் சக்தி சுமார் 33 யூனிட்தான். அதையும் திரும்பக் கரண்டாக மாற்றினால் இன்னும் குறையும். வீட்டு விளக்குக்கு பேட்டரியே மேல். ஆனால் நாள்கணக்கில், மாதக்கணக்கில் சேமிக்கவும், உரத் தொழிற்சாலைக்கும், உருக்காலைக்கும் பேட்டரி போதாது. அங்கேதான் லா கூரின் ஹைட்ரஜன் திரும்ப வருகிறது. நம் இந்திய அரசும் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு.

எனக்கு லா கூரை ரொம்பப் பிடித்துப்போன காரணம் ஒன்று உண்டு. இத்தனை மெஷின் செய்தவர், மெஷின் மட்டும் போதாது என்பதையும் புரிந்து வைத்திருந்தார். கிராமத்தில் காற்றாலையை நிறுத்திவிட்டு வந்துவிட்டால் நாளைக்கு ஃபியூஸ் போனால் யார் போடுவது? பேட்டரிக்கு ஆசிட் அளவு யார் பார்ப்பது? 1903-ல் காற்று மின்சாரத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 1904 முதல் ஆஸ்கோவிலேயே கிராமத்து எலக்ட்ரீஷியன்களுக்கு வகுப்பு நடத்தினார். நம்மைப் போன்ற, கையில் ஸ்பேனர் பிடிக்கிற ஆட்களுக்கு! 1908 ஏப்ரல் 24-ல் லா கூர் காலமானார். அவர் தயார் செய்த ஆட்கள் நாடு முழுவதும் வேலையைத் தொடர்ந்தார்கள். 1918-ல் டென்மார்க்கில் சுமார் 120 ஊர் மின் நிலையங்களில் காற்றாலை சுற்றியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் அதிலிருந்து வந்தது.

அந்த வகுப்பில் படித்தவர்களில் யொஹான்னஸ் யூல் என்றொரு மாணவர். 1957-ல், தன் எழுபதாவது வயதில், கெட்ஸர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை ஓட்டிக் காட்டினார். மூன்று இறக்கை, ஏ.சி. ஜெனரேட்டர். பதினோரு வருஷம் பெரிய பராமரிப்பு இல்லாமலே ஓடியது. பின்னால் வந்த டேனிஷ் காற்றாலைகளுக்கு அதுவே முன்மாதிரி. இன்றைக்கு டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துப் பேசுகிற பழக்கம் நமக்குக் கொஞ்சம் உண்டு. லா கூரைக் கேட்டால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய ஹைட்ரஜன் தொட்டி ஏழு வருஷம்தான் உழைத்தது. அவருடைய வகுப்பறை அரை நூற்றாண்டு கழித்தும் பலன் கொடுத்தது. நாளைக்கு நம் ஊரிலும் மின்பகுப்புக் கலங்கள் நிறைய வரப் போகின்றன. அவற்றை நிறுவவும், கசிவு பார்க்கவும், கண்ணாடி உடையாமல் ஓட்டவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களாக நாம் இருப்போம், தோழர்களே!