சித்திரக்காரர் டட்லி வாட்கின்ஸ்

தம் பெயர் விளங்குதற்பொருட்டு உழைப்போர் பலர். தம் பெயர் மறைந்திருப்பினும் தொழில் விளங்க உழைப்போர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய், ஸ்காட்லாந்து தேசத்தாரைத் தலைமுறை தலைமுறையாக நகைக்கச் செய்த டட்லி வாட்கின்ஸ் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இவர் பிறப்பால் ஸ்காட்லாந்தியர் அல்லர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரையடுத்த பிரெஸ்ட்விச் என்னுமிடத்தில் 1907-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 27-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் கல்லச்சுச் சித்திரத் தொழிலினர். நாட்டிங்ஹாம் நகரில் வளர்ந்த வாட்கின்ஸ், ஆங்குப் பூட்ஸ் என்னும் மருந்துக் கம்பெனியில் வேலைக்கமர்ந்து, அக்கம்பெனி ஊழியர்க்கென நடைபெற்ற பத்திரிகையில் 1923-ஆம் ஆண்டு தம் சித்திரங்கள் அச்சேறக் கண்டார். சிறு பத்திரிகையொன்றே பெரியதொரு வாழ்விற்கு முதற்படியாயிற்று என்பதை, இம்மலரில் எழுதப் பழகும் நம் மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக.

1925-ஆம் ஆண்டில் அவர் டண்டீ நகரம் போந்தார். வங்காளத்துச் சணலை நெய்து செழித்த அத்துறைமுகப் பட்டினம் பத்திரிகைத் தொழிலிலும் பேர் பெற்றிருந்தது. அங்கிருந்த டி. ஸி. தாம்ஸன் கம்பெனியார் வெளியிட்டுவந்த சிறுவர் கதைத்தாள்களுக்குப் பத்தாண்டுக்கு மேலாக அவர் படம் எழுதினார். ஊதியம் போதாமையால் கலைப் பள்ளியிற் பகுதிநேர ஆசிரியராகவும் இருந்தார். சித்திரக்காரர் பெயரை அச்சிடுதல் அக்கம்பெனியின் வழக்கமன்று. ஆதலின் அவரை அறிந்தார் மிகச் சிலரே.

1936-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் தேதி, அக்கம்பெனியின் ஸண்டே போஸ்ட் பத்திரிகை விநோதப் பகுதியொன்றைத் தொடங்கிற்று. பத்திராசிரியர் ஆர். டி. லோ கற்பனை செய்த இரண்டு தொடர் சித்திரங்களை வாட்கின்ஸ் வரைந்தார். ஒன்று ‘ஊர் வுல்லி’. ஸ்காட்லாந்து வழக்கில் ‘ஊர்’ என்பது ‘நம்முடைய’ எனப் பொருள்படும். சிலிர்த்த மயிரோடு, கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்து, அடுத்த குறும்பை ஆலோசிக்கும் சிறுவனே இவ்வுல்லி. மற்றொன்று ‘புரூன்ஸ்’. பாட்டன், தாய் தந்தையர், எட்டு மக்கள் ஆகப் பதினொருவர் நெருங்கி வாழும் குடும்பக் கதை அது. பள்ளிக்கூடங்களிற் கண்டிக்கப்பட்ட வீட்டுப் பேச்சையே இவ்விரு சித்திரங்களிலும் மாந்தர் பேசினர். தம் பேச்சும், தம் அடுக்களையும், தம் சிறு பூசல்களும் அச்சில் வரக்கண்ட எளிய மக்கள் நகைத்தனர். அந்நகையினூடே தம்மையும் மதிக்கக் கற்றனர். இதனைத் தம் கோலால் இயற்றியவர் அயலூரிற் பிறந்த ஒருவர் என்பதே வியப்பு. உற்று நோக்குதலும் அன்பும் உடையார்க்கு அயலூர் இல்லை போலும்.

1937-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ‘டாண்டி’ என்னும் சிறுவர் பத்திரிகை தோன்றியது. மாட்டிறைச்சிப் பணியாரத்தைக் கொம்போடு உண்ணும் பேராற்றலனாகிய டெஸ்பரேட் டான் அதில் இவர் கையால் உருப்பெற்றான். மறு ஆண்டு ஜூலையில் வெளிவந்த ‘பீனோ’ பத்திரிகைக்கு, ஏழைச் சிறுவரோடு விளையாடும் பிரபுவின் மகன் ஸ்நூட்டியை வரைந்தார். 1946-ஆம் ஆண்டு முதலே தம் சித்திரங்களிற் கையொப்பமிடும் உரிமை பெற்றார். பெயரின்றிக் கழிந்த இருபது ஆண்டுகளிலும் அவர் ஒரு கோட்டையேனும் அசட்டையாக இழுத்திலர்.

வாட்கின்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். டண்டீயிலிருந்த கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்தவர். மிஷன் நாட்காட்டிகளுக்கும், மிஷனரிச் சங்கமொன்றன் சிறுவர் பத்திரிகைக்கும் படம் எழுதி உதவினார். நகைச்சுவை பக்திக்கு மாறானது என்பாரும் உளர். அவர் வரைந்த நகையிலே எளியவரை இகழும் நஞ்சு இல்லை. ஆதலின் அக்கூற்றை நாம் ஏற்கோம்.

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி, பிராட்டி பெரியிலிருந்த தம் இல்லத்தில், வரைபலகையருகே அமர்ந்தபடியே மாரடைப்பால் உயிர் நீத்தார். அவர் இடத்தை நிரப்புவது எளிதாயில்லை. பழைய சித்திரங்களையே ஸண்டே போஸ்ட் சில ஆண்டுகள் மீண்டும் வெளியிட்டது. 2001-ஆம் ஆண்டு டண்டீ வீதியில் டெஸ்பரேட் டானுக்குச் சிலை நாட்டப்பெற்றது. சிலை பெற்றவன் படைக்கப்பட்டவனே, படைத்தவரல்லர். எனினும் அவ்வீதியிற் சென்று நகைக்கும் ஒவ்வொரு குழந்தையும் அவருக்குச் செய்யும் மரியாதை வேறொன்றும் வேண்டாதது. கையொப்பம் இடப்பெறினும் பெறாவிடினும் தொழிலை நேர்மையாகச் செய்க என்பதே இச்சரிதம் நமக்குக் கற்பிக்கும் பாடமாம்.